முந்தியில முடிஞ்ச புளியங்கொட்டை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. சத்தமாச் சொன்னா எங்க ஆபீசு வரைக்கும் கேட்டுரும். ஊருக்குத் திட்டம் போடுற வேலைங்கிறது, அடுத்தவுக வீட்டுக்குள்ள போயி கட்டில எங்கன போடலாம்னு யோசனை சொல்ற மாதிரி. நல்லதுக்குத்தான் சொல்றோம், ஆனா அங்கன படுக்கப் போறது நாம இல்ல. உங்க தெருவுக்கும் அட்டையும் பேனாவுமா யாராச்சும் வந்து நின்னிருப்பாக. நாஞ்சொல்றது உங்களுக்குப் புரியும்.

நான் படிச்சது அஞ்சாப்பு. உத்தமபாளையம் பக்கத்துல ஒரு சின்னப் பேரூராட்சி. அங்கன முப்பது வருசம் தெருக்குழாய்க்குத் தண்ணி திறந்துவிட்டவன். ஓய்வு பெத்த மறுவருசம் மதுரையில இருந்து ஒரு குழு வந்துச்சு. வர்ற இருவது வருசத்துக்கு ஊரு தண்ணிக்கும் குப்பைக்கும் திண்டாடாம இருக்கத் திட்டம் எழுதணுமாம். தெருத்தெருவாக் கூட்டிட்டுப் போக ஆளு வேணும்னு என்னையச் சேத்துக்கிட்டாக. அந்தக் குழுவுல நித்யான்னு ஒரு என்ஜினியர் பாப்பா. ரொம்பப் பொறுமைசாலி. அது எவ்வளவு பொறுமைன்னு போகப் போகத் தெரியும்.

ஆளுக்குப் பத்து

ஊருக்கு என்ன வேணும்னு கேக்க அவுக ஒரு முறை வச்சிருந்தாக. தரையில சுண்ணாம்புல அஞ்சு வட்டம்: தண்ணி, சாக்கடை, குப்பை, மரம், ரோடு. ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. எது ரொம்ப அவசியமோ அதுல கூடுதலாப் போடணும். மொதல்ல கீழத்தெருவுல ஆரம்பிச்சோம். தூய்மைப் பணியாளர்க குடியிருக்கிற தெரு அது. ஊருக்குள்ளயே பள்ளமான இடம்.

முன்னால வந்தவ செல்லத்தாயி. தள்ளுவண்டியில வீடுவீடாக் குப்பை எடுக்கிறவ. என்னோட ஒரே ஆபீசுல வேலை பாத்தவ. சாக்கடை வட்டத்துல நாலு கொட்டையப் போட்டா. மிச்சம் ஆறையும் சேலை முந்தியில முடிஞ்சுக்கிட்டுக் கெளம்பிட்டா. பாப்பா பின்னாடியே ஓடி, "அம்மா, பத்தையும் போடணும்மா"ன்னுச்சு.

"இதே கேள்விய உனக்கு முன்னால மூணு பேரு வந்து கேட்டுட்டாக கண்ணு. அடுத்து வர்றவுக கொட்டை கொண்டாராட்டி நான் எதைப் போடுவேன்?"

பச்சை வாளி, நீல வாளி

மக்குற குப்பைக்குப் பச்சை, மக்காததுக்கு நீலம்னு வீட்டுக்கு ரெண்டு வாளி குடுத்திருந்தாக. சனங்க பிரிச்சுப் போடுறாகளான்னு பாக்கப் போனோம். ராயப்பன்பட்டியில பொறந்து எங்க ஊருல வாக்கப்பட்ட ஒரு டீச்சர் வீடு. ஓய்வு பெத்தவுக. கண்டிப்பானவுகன்னு பேரு. நானே அந்த வாசல்ல செருப்பை ஒழுங்கா ஜோடி சேத்து வச்சுட்டுத்தான் உள்ள போவேன்.

பச்சை வாளியத் திறந்தா கேப்பை மாவு. நீல வாளியில ரேசன் அரிசி. பாப்பா மொகம் வாடிப்போச்சு. டீச்சர் எங்களைக் கொல்லைப்பக்கம் கூட்டிட்டுப் போனாக. மூணு பழைய சாக்கு. காய்த்தோலு ஒண்ணுல, பிளாஸ்டிக் ஒண்ணுல, ஒடைஞ்ச கண்ணாடி ஒண்ணுல. அம்புட்டுச் சுத்தமாப் பிரிச்சத நான் வேற எந்த வீட்டுலயும் பாக்கல.

"குப்பையத்தான பிரிக்கச் சொன்னீக, பிரிச்சாச்சு. இம்புட்டு நல்ல வாளியில போயி யாராச்சும் குப்பையப் போடுவாகளா?"

காலி இடம்

பிரிச்ச குப்பையக் கொண்டுபோயி உரமாக்க ஒரு கொட்டகை கட்டணும். அதுக்கு இடம் தேடி, கம்மாக்கரைக்குக் கீழ ஒரு பொட்டலுக்குப் போனோம். சித்திரை மாசம். வாய்க்கால்ல தண்ணி அடைச்சு, தரை பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு. பாப்பா கையில இருந்த படத்தைப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு. "இது காலி இடம்தானே தாத்தா?" மண்டையப் பொளக்குற வெயிலு. நானும் "காலிதான்"னுட்டேன். அதுவும் குறிச்சுக்கிருச்சு.

பொட்டல்ல கொட்டகை வரப்போகுதுன்னு சேதி கேட்டு, மறுநாக் காலையில செல்லத்தாயி எங்க வீட்டு முன்னால வண்டிய நிப்பாட்டுனா. கம்மா நெறஞ்சா வழியிற மறுகால் தண்ணி அந்தப் பொட்டல் வழியாத்தான் ஆத்துக்குப் போகணும். முன்ன ஒரு ஐப்பசியில யாரோ அங்கன மண்ணக் குவிச்சு வச்சிருக்க, தண்ணி போக வழியில்லாம கீழத்தெருவுக்குள்ள திரும்பிருச்சு. பேறுகாலத்துக்கு வந்திருந்த இவ மகளைக் கட்டிலோட தூக்கிட்டுப் போயி பள்ளிக்கூடத்துல வச்சோம். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? முப்பது வருசம் வால்வைத் திருகித் தண்ணி விட்டவனுக்கு, தானா வர்ற தண்ணி மறந்துபோச்சு. அவ ஒரு வார்த்தை திட்டல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"அன்னைக்குக் கட்டிலுக்கு ஒரு காலு நீங்கதானண்ணே பிடிச்சீக?"

படத்துல இல்ல

நான், பாப்பா, செல்லத்தாயி மூணு பேருமா பேரூராட்சி அதிகாரிகிட்டப் போனோம். நல்ல மனுசன்தான், வேற ஜில்லாவுல இருந்து மாத்தலாகி வந்து நாலு மாசம் ஆயிருந்துச்சு. தப்பு என்னுதுன்னு நான் ஒத்துக்கிட்டேன். அவரு படத்தை மேசையில விரிச்சாரு. "பெரியவரே, இதுல ஓடையும் இல்ல, வாய்க்காலும் இல்ல. பதிவேட்டுல தரிசுன்னு இருக்கு. நான் எதை வச்சு மாத்துறது? ஐப்பசியில கருத்துக் கேட்புக் கூட்டம் வருது, அதுல சொல்லுங்க." பாப்பா எம்புட்டோ மன்றாடிப் பாத்துச்சு, ஒண்ணும் நடக்கல.

செல்லத்தாயி அந்தப் படத்தையே உத்துப் பாத்துக்கிட்டிருந்தா. "இதுல எங்க தெரு எங்கனய்யா இருக்கு?"ன்னா. அவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு மெனக்கெட்டுத் தேடுனாரு. கடைசியில சங்கடத்தோட, "அதுவும் இல்லையேம்மா"ன்னாரு.

"அப்ப இன்னைக்குக் காலையில நான் எங்கன இருந்துய்யா வேலைக்கு வந்தேன்?"

முன்வரிசை

ஐப்பசி வந்துச்சு. வழக்கமாக் கூட்டம் போடுற மண்டபத்துல வெள்ளையடிப்பு நடந்துக்கிட்டிருந்துச்சு. ஆபீசுக் கூட்டம் எதுன்னாலும் நாற்காலி போடுறது செல்லத்தாயிதான். "கட்டப் போற எடத்துலயே போட்டா, எல்லாரும் பாத்துக்கிட்டே பேசலாம்லய்யா"ன்னு கேட்டிருக்கா. அதிகாரிக்கு ஒரே சந்தோசம். "அருமையான யோசனைம்மா"ன்னுட்டாரு.

மலையில ரெண்டு நாளா மழை. ஊருக்குள்ள வானம் வெளுத்திருந்துச்சு. கம்மா கழுத்து வரைக்கும் நெறஞ்சு கெடக்கு. காலையில நான் போகயில, தண்ணி வழியிற கலுங்கை அவ நின்னு பாத்துக்கிட்டிருந்தா. சனங்களுக்கு நாற்காலி மேட்டுல. அதிகாரிகளுக்கு, துண்டு விரிச்சு, பள்ளத்துல. "ஏன் தாயி இப்படி?"ன்னேன். "மரியாதைண்ணே"ன்னா. எனக்கு வெளங்கிருச்சு. வாய மூடிக்கிட்டேன், சித்திரையில தொறந்தது போதும்.

அதிகாரி எந்திரிச்சு, "இந்தக் காலி இடத்தில்..."னு வாசிக்க ஆரம்பிச்சாரு. தேக்கெலையும் நுரையுமா, சத்தமே இல்லாம வந்துச்சு தண்ணி. மொதல்ல செருப்பு நனைஞ்சுச்சு. பெறகு கெண்டைக்காலு. மேட்டுல இருந்து ஒரு பொம்பள, "ஐயா, பாத்து, வேட்டி கட்டுனவுக தூக்கிக்கட்டிட்டாக, நீங்க பேண்டச் சுருட்டுங்க!"ன்னு கத்துனா. பாப்பா மட்டும் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, தண்ணி போற வழியே நடந்து பாத்துட்டு வந்துச்சு.

மேடேறி வந்த அதிகாரி பேண்டப் பிழிஞ்சுக்கிட்டே, "தண்ணி வரும்னு தெரிஞ்சே இங்க போட்டியாம்மா?"ன்னாரு. கோவப்படணுமா சிரிக்கணுமான்னு அவருக்கே தெரியல.

"பதிவுல இல்லன்னு நீங்க சொன்னீகளேய்யா, அதான் வராதுன்னு இருந்துட்டேன்."

அவரு சிரிச்சுட்டாரு. மேசைய மேட்டுக்குத் தூக்கியாரச் சொல்லி, படத்தை விரிச்சு, "எங்க இருந்து எங்க போகுதுன்னு நீயே காட்டும்மா"ன்னாரு. செல்லத்தாயி முந்திய அவுத்தா. அதே ஆறு கொட்டை. அன்னைக்குன்னு வீட்டுல இருந்து எடுத்தாந்திருக்கா. கலுங்குல ஒண்ணு, பொட்டல்ல ரெண்டு, ஆத்தோரம் ஒண்ணு. வெறும் வெள்ளையாக் கெடந்த கீழத்தெரு இடத்துல ஒண்ணு. பாப்பா அது மேலயே பேனாவால கோடு இழுத்துச்சு. கொட்டகைய மேட்டுப்பக்கம் மாத்தணும்னு அதிகாரி அங்கனயே எழுதிக் கையெழுத்தும் போட்டாரு. ஆறாவது கொட்டைய மட்டும் அவ, அடுத்து எந்தத் திட்டக்காரவுக வரப் போறாகளோன்னு திரும்ப முந்தியில முடிஞ்சுக்கிட்டு, நனைஞ்ச நாற்காலிய அடுக்கப் போயிட்டா.