வெள்ளிமலைச் சந்தையில் ஒரு காக்கிச் சட்டை

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். கரும்பு வெட்டப் போய், லாரி வாங்கி, இன்று கள்ளக்குறிச்சியில் மாடி வீடு கட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட என் சட்டை, தேன் வாங்க வந்த வெள்ளிமலைச் சந்தையில், காரை விட்டு இறங்கும்போதே அக்குளில் கிழிகிறது. கடையிலேயே விலை கூடிய சட்டை. இரண்டு சலவைதான் கண்டது.

எதிரே ஒருவர் மரவள்ளி மூட்டைகளை முதுகில் சுமந்து டெம்போவில் ஏற்றுகிறார். என் வயதுதான் இருக்கும். அவருடைய காக்கிச் சட்டையில் மூட்டை உரசாத இடமில்லை. ஆனால் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. துணி வெளுத்து, உடம்போடு உடம்பாகக் கிடக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது.

“இது எங்க எடுத்ததுப்பா?”

“இதே சந்தையிலதாங்க. துணிய நனைச்சுக் காய வெச்சு, ரெட்டைத் தையல் போடச் சொல்லணும். காலர் நைஞ்சு போச்சின்னா பிரிச்சு, உள்பக்கத்த வெளிய திருப்பித் தைச்சுக்குவோம். ஒங்க ஒரு சட்டை காசுல எங்க வூட்டுல எல்லாருக்கும் ஆயிடும்.”

விடுவேனா? அதே காக்கியை வாங்கி வந்து அவரிடம் நீட்டுகிறேன். துணி அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது.

“இன்னாப்பா, ஒன்னுது மாதிரி மெத்துனு இல்லியே?”

“மூட்டை தூக்கித் தூக்கி மெத்துனு ஆனதுங்க இது. கார்லயே போய்க்கினு இருந்தா அப்பிடியேதான் கெடக்கும், மொதலாளி.”

கரும்புக் கட்டு சுமந்த தோள் என்னுடையது. பக்கத்து மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குகிறேன். இடுப்பு வரைக்கும் வருகிறது. அதற்குள் சட்டை மறு அக்குளிலும் கிழிகிறது.