வந்தவர்களுக்கு மட்டும் வரிசை எண்

1. ஆறு பெயர்கள்

இது தொடங்கியது 2025 பிப்ரவரி 25, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு. நான் அச்சிட்ட தாளின் மேல்மூலையில் நேரம் பதிவாகியிருந்ததால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

அப்போது நான் தமிழ் முதுகலை இறுதியாண்டு மாணவி. தொழிற்சாலைகளுக்கு வாயில் வருகைப் பதிவு மென்பொருள் செய்துதரும் திருவள்ளூர் நிறுவனம் ஒன்றில் பகுதிநேரமாக வேலை பார்த்தேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயிண்ட் ஆலையின் தொழிலாளர் பெயர்களை இயந்திரம் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றியிருந்தது. கோதண்டம் ‘கொத்தண்டம்’ ஆகியிருந்தார். அவற்றைத் திருத்துவது என் பொறுப்பு.

முறை எளியது. தொழிலாளி வாயிலில் பாஸைத் தேய்த்தால் அவருடைய எண் ‘உள்ளே இருப்பவர்’ கணக்கில் சேரும். பெயர், புகைப்படம், பிரிவு ஆகியவை கிளவுடு டேட்டாபேஸில் இருக்கும். பட்டியல் வேண்டுமென்றால் மென்பொருள் பாஸ் எண்களை நூறு நூறாகக் கட்டி அனுப்பும். ஒவ்வொரு கட்டுக்கும் உரிய பதிவுகள் திரும்பி வரும். இதை பேட்ச் என்பார்கள்.

அன்று காலை எடுத்த அதே 140 எண்களுக்கு, மதிய ஷிப்ட் மாறும் நேரத்தில் மீண்டும் பட்டியல் கேட்டேன். 134 பெயர்கள் வந்தன. ஒன்று முதல் 134 வரை வரிசை எண் ஒழுங்காக ஓடியது. எங்கும் இடைவெளி இல்லை. காலைத் தாளை அருகில் வைத்துப் பார்த்தபோதுதான் ஆறு பேர் காணாமல் போயிருப்பது தெரிந்தது. கால் மணி நேரம் கழித்துக் கேட்டேன். அறுவரும் திரும்பியிருந்தார்கள். மறுநாள் அதே நேரத்தில் கேட்டேன். இம்முறை நால்வர் இல்லை. முந்தைய அறுவரில் ஒருவரும் அந்த நால்வரில் இல்லை.

மென்பொருளை எழுதிய பிரபு அண்ணனிடம் தாளை நீட்டினேன்.

“ரெஃப்ரெஷ் பண்ணா வந்துச்சா?”

“வந்துச்சுண்ணா.”

“எரர் எதுனா காட்டுச்சா?”

“இல்லண்ணா.”

“அப்புறம் இன்னாம்மா? எரர் இல்லன்னா ப்ராப்ளம் இல்ல. நீ கொம்பு, துணையெழுத்தப் பாரு, அது போதும்.”

‘விடுபட்டவை’ என்று தலைப்பிட்டுக் குறிப்பேட்டில் எழுதியிருந்த பத்துப் பெயர்களின் மேல் ஒரு கோடு இழுத்தேன். அந்தக் கோடு இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

2. கைகள்

மார்ச் 11 காலை, திருத்திய பெயர்களைத் தொழிலாளர்களிடமே காட்டிச் சரிபார்க்க ஆலைக்குப் போனேன். எட்டரை மணிக்கு கேன்டீனில் ஆரம்பாக்கத்திலிருந்து வரும் ஒரு கணவனும் மனைவியும் எதிரில் உட்கார்ந்தார்கள். ஸ்டெல்லா பேக்கிங்கில் வேலை செய்பவர். கணவர் ஏசுபாதம், கான்ட்ராக்டில் தொட்டி கழுவுபவர். தாளில் அவர் பெயர் ‘யெசுபடம்’ என்று இருந்தது.

“இந்தப் பேரச் சொல்லிக் கூப்ட்டா நா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்” என்றார் ஏசுபாதம்.

“சரியான பேரச் சொல்லிக் கூப்ட்டாலே திரும்ப மாட்டாரும்மா. ஊட்ல நா கத்திக்கினே கெடப்பேன்” என்றார் ஸ்டெல்லா.

சிவப்பு மையால் திருத்தினேன். எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்துவிட்டு, “இதான் நானு” என்று சொல்லி எழுந்து போனார்.

9.40க்கு சைரன் ஒலித்தது. கலவைக் கூடத்தில் கரைப்பான் டிரம் ஒன்று கசிந்து, நெடி பரவத் தொடங்கியிருந்தது. எல்லோரும் வாகன நிறுத்தத்தில் கூடினோம். பாதுகாப்பு அதிகாரி மனோகரன் டேப்லெட்டில் பட்டியலைத் திறந்து மைக்கில் பெயர்களைப் படித்தார். உள்ளே யாராவது சிக்கியிருந்தால் கேட்க வேண்டும் என்பதற்காக அந்த மைக் ஆலையின் எல்லா ஒலிபெருக்கிகளோடும் இணைக்கப்பட்டிருந்தது. எனவே ஒவ்வொரு பெயரும் எங்கள் நடுவில் ஒருமுறையும், அரை நொடி கழித்து ஆளில்லாத கூடங்களுக்குள்ளிருந்து ஒருமுறையும் கேட்டது. “இருக்கேன் சார்” என்ற பதில் மட்டும் ஒரு பக்கத்திலிருந்தே வந்தது.

எனக்குப் பின்னால் இரண்டு இளைஞர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“டேய், உன் பேரு வரல.”

“உன்னுதுந்தான் வரல.”

“அப்ப ரெண்டு பேரும் பூட்டோம்டா. ஆவிங்களுக்கு நாஷ்டா உண்டா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். என் பெயரும் வரவில்லை. நான் வெளியாள், பார்வையாளர் பாஸ் பட்டியலில் வராது போலும் என்று நினைத்துக்கொண்டேன். வரும் என்பதை நன்றாக அறிந்தவள் நான்.

டேப்லெட்டின் திரை பச்சையானது. மொத்தம் 188. வந்தவர் 188.

கசிவு ஏற்பட்டால் தீப்பிடிக்காதிருக்க அருகிலுள்ள தொட்டிகளுக்குள் நைட்ரஜன் செலுத்துவார்கள். உள்ளே ஆள் இருந்தால் சில நிமிடங்களில் மூச்சு நின்றுவிடும். அதனால், ஆட்கள் எல்லோரும் வந்தாயிற்று என்று உறுதியான பிறகே வால்வைத் திறப்பார்கள். மனோகரன் வாக்கி டாக்கியை எடுத்து, “நூத்தி எண்பத்தெட்டும் வந்தாச்சு. விட்டுடலாம், ரெடியா இருங்க” என்றார்.

வாயில் காவலர் அறையின் மேல் ஒரு சிறிய எண்பலகை உண்டு. பாஸ் தேய்க்கத் தேய்க்க அதில் எண் மாறும். அதில் சிவப்பாக 213 என்று எரிந்துகொண்டிருந்தது.

கூட்டத்தில் குரல் உயர்த்திப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. அருகில் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

“சார், கேட்ல இருநூத்திப் பதிமூணு காட்டுது.”

“அது பழைய கவுன்ட்டா இருக்கும்மா. லிஸ்ட் பச்சை ஆயிடுச்சு பாருங்க.”

“என் பேரக் கூப்பிடவே இல்ல சார். நான் இங்க நிக்கிறேன்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

“கூப்பிடாதவங்களக் கையைத் தூக்கச் சொல்லுங்க சார்” என்றேன்.

அவர் மைக்கில் சொன்னார். முதலில் உயர்ந்த கை என்னுடையது. பிறகு கூட்டத்தின் நடுவிலிருந்தும் ஓரங்களிலிருந்தும் ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. சிரித்துக்கொண்டிருந்த இளைஞர்களின் கைகளும் உயர்ந்தன, சிரிப்பு நின்றுவிட்டது. இயந்திரத்தின் கணக்கில் நாங்கள் யாரும் அங்கே இல்லை. இரண்டு முறை எண்ணினேன். இருபத்து நான்கு.

நூற்று எண்பத்தெட்டும் இருபத்து நான்கும் இருநூற்றுப் பன்னிரண்டு.

“வால்வைத் தொடாத” என்றார் மனோகரன், வாக்கி டாக்கியில். “யாரும் எதையும் தொடாதீங்க.”

ஸ்டெல்லா கை தூக்கியிருக்கவில்லை; அவர் பெயர் வந்திருந்தது. அவர் மெல்லத் திரும்பித் தனக்குப் பின்னால் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“எங்க ஊட்டுக்காரரு பேர யாரும் கூப்புடலயே. வெளிய எங்கனா போயிருப்பாருன்னு இருந்தேன். மிஷினே எல்லாரும் வந்துட்டாங்கன்னு சொல்லிச்சே.”

என் கையிலிருந்த திருத்தத் தாளை மனோகரனிடம் கொடுத்து, சிவப்பு மையில் எழுதியிருந்த இடத்தைக் காட்டினேன். அவர் படித்தார். “ஏசுபாதம். ஏசுபாதம்.” பெயர் உள்ளே போய், எதிரொலித்து, அடங்கியது.

அப்போது தொட்டிகள் இருக்கும் பக்கத்திலிருந்து இரும்பின் மேல் இரும்பு படும் ஓசை கேட்டது. நிதானமாக மூன்று முறை.

மூச்சுக்கருவி அணிந்த இருவர் உள்ளே போய் அவரைத் தூக்கி வந்தார்கள். நெடி தொட்டிக்குள் இறங்கி, அவருக்குக் கால் துவண்டு ஏற முடியாமல் போயிருந்தது. வெளியே காவலுக்கு நிற்க வேண்டியவரை மூட்டை இறக்க அனுப்பியிருந்தார்கள். அந்தத் தொட்டியின் வால்வைப் பூட்டவும் இல்லை. இவை வேறு பிழைகள். இவற்றுக்கு வேறு விசாரணை நடந்தது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஏசுபாதம் முகமூடியை விலக்கி மனைவியிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

“ஒவ்வொரு பேரா கேட்டுக்கினே இருந்தேன். எம்பேரு வந்தா தட்டலாம்னு ஸ்பேனரக் கையிலயே வெச்சிருந்தேன். வரல. லிஸ்டும் முடிஞ்சிச்சு. சரி, நா இல்ல போலன்னு நெனச்சிக்கினேன்.”

3. பதிலின் அடிப்பகுதி

அன்று பிற்பகல் அலுவலகத்தில் பிரபு அண்ணன், மென்பொருளுக்கு வந்த பதில்கள் பதிவாகும் லாகைத் திறந்தார். டேட்டாபேஸ் அனுப்பும் பதிலில் இரண்டு பகுதிகள் இருந்தன. மேலே, எடுக்கப்பட்ட பதிவுகள். கீழே, ‘அன்பிராசஸ்டு கீஸ்’ என்ற தலைப்பில் இன்னும் எடுக்கப்படாத எண்கள். அங்கே இருபத்தைந்து பாஸ் எண்கள் இருந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது. பதினேழாவது, ஏசுபாதத்தினுடையது.

ஒரே நேரத்தில் நிறையப் பேர் கேட்டால் டேட்டாபேஸ் தன்னால் முடிந்ததைத் தந்துவிட்டு, மிச்சத்தை மீண்டும் கேட்கும்படி திருப்பி அனுப்பும். அது பிழையாகாது, அதனால் எரரும் வராது. பிப்ரவரியில்தான் பதிவுகளில் புகைப்படம் சேர்ந்து ஒவ்வொன்றும் கனத்திருந்தது. ஷிப்ட் மாறும் நேரத்தில் நெரிசல். சைரன் ஒலித்தபோதோ எல்லா டேப்லெட்டுகளும் மேலாளர் அறையும் ஒரே நிமிடத்தில் ஒரே பட்டியலைக் கேட்டிருந்தன. ஆக, பட்டியல் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அதிலிருந்து பெயர்கள் உதிரும். எங்கள் மென்பொருள் பதிலின் மேல்பகுதியை மட்டும் படித்து, வந்தவர்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, அந்தக் கடைசி எண்ணையே ‘மொத்தம்’ என்று காட்டியது.

பிரபு அண்ணன் அந்த எண்களின் மேல் விரலை ஓட்டினார்.

“அது சொல்லிக்கினுதாம்மா இருந்திருக்கு” என்றார். “நாமதான் கேக்கல. நீ சொன்னதையும் நான் கேக்கல.”

நான் கோடு இழுத்த பக்கத்தை அவரிடம் காட்டினேன். அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு.

பழைய ஏடுகளைப் பதிப்பிப்பவர்கள், செல்லரித்து எழுத்து போன இடத்தில் புள்ளி வைப்பார்கள். இங்கே ஏதோ இருந்தது, இப்போது கிடைக்கவில்லை என்பதற்கு அடையாளம் அது. புள்ளி வைக்காமல் அடுத்த சொல்லை இழுத்து ஒட்டினால் அடி நிறைந்ததுபோல் தோன்றும், பொருள் போய்விடும். இதை வகுப்பில் தேர்வுக்காகப் படித்திருந்தேன். வேலையில் பயன்படுத்தவில்லை.

மாலைக்குள் மாற்றினோம். மிச்ச எண்கள் வந்தால், சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்கும். தீரும்வரை ஒவ்வொரு முறையும் கூடுதலாகப் பொறுத்துக் கேட்கும். வரிசை எண் கேட்கப்பட்ட பாஸ்களின்படி போடப்படும். பதில் வராத பாஸுக்குப் பெயரில்லாத ஒரு சிவப்பு வரி நிற்கும். அந்த வரி இருக்கும்வரை திரை பச்சையாகாது.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதை, வந்தவர்களைக் கொண்டு எண்ணாதீர்கள்.

4. ஒன்று

மார்ச் 12, காலை ஏழு மணி பத்து நிமிடம். மாற்றிய மென்பொருளைச் சோதிக்க ஆலை வாயிலுக்குப் போனேன். முந்தைய நாள் மாலையே ஆலையைக் காலிசெய்து பூட்டியிருந்தார்கள். காவலர் முனுசாமி அறைக்கு வெளியே நாற்காலி போட்டு, எண்பலகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

“நீயே பாரும்மா” என்றார், திரும்பாமல். “உள்ள ஒரு ஈ காக்கா இல்ல. நேத்துலேர்ந்து ஒன்னு, ஒன்னுன்னே காட்டுது. மூணு தபா சுத்தி வந்துட்டேன். பேஜாரா கீது.”

டேப்லெட்டில் பட்டியலைக் கேட்டேன். ஒரே வரி வந்தது. முந்தைய நாள் நான் திருத்திய எழுத்துகளிலேயே இருந்தது: 1. ஏசுபாதம். உள்ளே.

ஆம்புலன்ஸ் அவசர வாயில் வழியாகப் போயிருந்தது. அவர் பாஸை யாரும் தேய்க்கவில்லை. இம்முறை பட்டியல் சரியாகத்தான் சொல்லியது. ஆயினும் ஸ்டெல்லாவுக்கு போன் செய்து, அவர் எடுக்கும்வரை என்னால் அந்த வரியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

“உக்காந்துக்கினு இட்லி துன்றாரும்மா” என்றார் ஸ்டெல்லா. “இரு, தரேன்.”

“ஏசுபாதம்” என்று கூப்பிட்டேன். அதற்கு முன் வயதில் மூத்த யாரையும் அவ்வாறு மரியாதைச் சொல் இல்லாமல் நான் அழைத்ததில்லை.

“இருக்கேன்மா” என்றது மறுமுனை.

தொட்டியின் வாய்ப்பக்கம் அவர் கழற்றி வைத்திருந்த பாஸை முந்தைய நாளே காவலர் அறையில் ஒப்படைத்திருந்தார்கள்; முனுசாமி அதை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கி, வாயிலின் ‘வெளியே’ பக்கத்தில் தேய்த்தேன். பலகையில் ஒன்று அணைந்து பூஜ்யம் வந்தது.