காதுக்காரி வைத்த குறி

நகரத் தண்ணீர் இலாகாவில் அவளுக்குக் காதுக்காரி என்றுதான் பெயர். ஆள் உயர இரும்புக் கம்பி, அதன் தலையில் ஒரு மரக்கிண்ணம். கம்பியைத் தரையில் ஊன்றிக் கிண்ணத்தில் காதை வைத்தாளென்றால், இடுப்பளவு மண்ணுக்குக் கீழே குழாய் எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவாள். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. "மூணு ரூம் தள்ளிச் சொட்டுற குழாய் கேக்குது, பக்கத்துல நின்னு நான் கூப்பிட்டா மட்டும் கேக்கல" என்று புருஷன் அங்கலாய்ப்பான். பாவம், அவன் சொல்வதும் நியாயம்தான்.

அப்பேர்ப்பட்ட காதுக்கும் போன வாரம் கண் பட்டது. ஃபைபர் கேபிள் போட வந்தவர்கள் தெருவின் இரண்டு முனையிலும் குழி வெட்டி, நடுவே பூமிக்கடியில் இயந்திரத்தால் துளைத்துக்கொண்டு போனார்கள். வாசலெல்லாம் சேறு, வண்டி நிறுத்த இடமில்லை, போதாக்குறைக்கு ஒரு தெருவில் குழாய்த் தண்ணீரும் வராமல் போனது. அந்தத் தெரு முனையில் தண்ணீர் பொங்கியது. அங்கே இரைச்சலும் கேட்டது. அவளும் அங்கேயே குறி வைத்தாள். தோண்டினால் குழாயில் ஒரு கீறல்கூட இல்லை; கசிவு எங்கே என்று இன்றுவரை தெரியவில்லை. 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்' என்று கூட வேலை செய்பவர்கள் ராகம் போட்டார்கள். இஞ்சினியர் பாட்டெல்லாம் பாடவில்லை. "இன்னொரு குழி இப்படிப் போச்சுன்னா, கம்பிய வச்சுட்டுப் புகார் கவுண்டர்ல போய் உக்காரு" என்றார்.

இன்று அடுத்த தெரு. இஞ்சினியரும் கூடவே வந்திருந்தார். இங்கேயும் இரண்டு நாளாகக் குழாயில் வெறும் காற்று. இங்கேயும் முனையில் தண்ணீர் பொங்குகிறது.

"இதுல கேக்க என்ன இருக்கு? இங்கயே தோண்டலாம்" என்றார் கேபிள் மேஸ்திரி.

"பத்து நிமிஷம் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்கண்ணே."

ஜெனரேட்டர் நின்றது. டிவிகள் நின்றன. யாரோ நாயை உள்ளே இழுத்துப் போனார்கள். வாசலுக்கு வாசல் ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேர் சேர்ந்து சும்மா இருந்ததை அவள் அதுவரை பார்த்ததேயில்லை. அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

முனையில் அதே இரைச்சல். போன வாரம் இதை நம்பித்தானே கெட்டோம்? அவள் பின்னோக்கி நடந்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கம்பியை ஊன்றினாள். இரைச்சல் மெலிந்துகொண்டே போயிற்று. ஒன்பதாவது வீட்டில், காய்ந்து வெடித்த மண்ணுக்கு அடியில், சன்னமாக ஒரு சீறல். சுண்ணாம்புப் பொடியால் பெருக்கல் குறி போட்டாள்.

"இங்கயா? புழுதி பறக்குது!" என்றார் மேஸ்திரி.

இஞ்சினியர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தோண்டு" என்றார்.

இடுப்பளவு ஆழத்தில் குழாய் தெரிந்தது. ஆரஞ்சு நிறக் கேபிள் உறை ஒரு பக்கம் குழாய்க்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்திருந்தது, ஊசியில் நூல் கோத்த மாதிரி. உடைந்த இடத்துத் தண்ணீர் அந்த உறையை ஒட்டியே, இயந்திரம் போட்ட துளை வழியாக ஓடி முனையில் எட்டிப் பார்த்திருக்கிறது. இரண்டு நாளாக வீடுகளில் இன்டர்நெட் பறந்துகொண்டிருந்தது. இத்தனை வீட்டுப் பேச்சும் படமும் வெளிச்சமாகி, ஓடுகிற தண்ணீருக்கு நடுவே, நனையாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது! காதுக்காரிக்கு மெய் சிலிர்த்தது. ஜெயித்த சந்தோஷம்கூட அப்புறம்தான் வந்தது.

கேபிளை வெட்டித்தான் குழாயை ஒட்ட முடிந்தது. மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். சாயங்காலம் தண்ணீர் திறந்துவிட்டதும், இஞ்சினியர் கம்பியை வாங்கித் தரையில் ஊன்றி, குனிந்து காதை வைத்தார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

"ஒண்ணுமே கேக்கலியேம்மா."

"அதுதான் சார் கேக்கணும்."

அவர் நிமிர்ந்து கம்பியை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். "வாங்க, போன வாரத் தெருவுக்குப் போகலாம். அங்கயும் நீங்களே கேட்டுச் சொல்லுங்க."