பல் முளைத்ததை அவர் பார்க்கவில்லை

பல் முளைக்கிற வலியில் என் மகன் ஓயாமல் அழுதான். தேவிகுளம் எஸ்டேட் லாரி ஓட்டும் அவன் அப்பா, இன்று பாலக்காடு போகிற வழியில் எட்டிப்பார்க்க வருவதாய்ச் சொல்லியிருந்தார். மாதக்கணக்கில் பிள்ளையைப் பார்க்காதவர். வந்ததும் அவர் அழுகையையா கேட்பது என்று மாட்டுவண்டியில் பக்கத்திலிருக்கும் சித்தூர் மருந்துக்கடைக்குப் போனேன்.

கடைக்கார ராவுத்தர், "ஈறைத் தேச்சு உட்டாப் போதுமுங்க. இந்தச் சொட்டு மருந்து குடுத்தா புள்ள தூங்கிரும், எப்ப முழிக்கும்னு சொல்ல முடியாதுங்க" என்றார்.

சொட்டு மருந்தையே வாங்கிவந்து கொடுத்தேன்.

அவன் அப்பா வந்தபோது பிள்ளை அசையாமல் தூங்கினான்.

"ஏனுங்க, எழுப்பட்டுங்களா?"

"வேண்டாம் புள்ள, தூங்கட்டும்."

நெற்றியைத் தொட்டுவிட்டு லாரி ஏறினார்.

சாயங்காலம் விழித்தவன், புதுப் பல் தெரிய என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குத்தான் அழுகை வந்தது.

உங்கள் வீட்டில் பல் முளைக்கிற பிள்ளைக்கு என்ன மருந்து கொடுப்பீர்கள்? ஒன்றுமே கொடுக்காதவர்கள் முதலில் சொல்லுங்கள்.