பூநாரைக்குப் பக்கத்தில் ஒரு கறை

இது நடந்தது பட்டப்பகலில். வெள்ளிக்கிழமை, பழவேற்காடு கடைத்தெருவில், பத்தடி தள்ளி பஜ்ஜி சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில். பேய் என்றால் நடுநிசியும் நாய் ஊளையும் வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். ஜெபசெல்வி சொன்னதைத்தான் சொல்கிறேன். அந்தப் பிரிண்ட்டை நானே கையில் வாங்கிப் பார்த்தேன். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னால் மாட்டேன்.

ஜெபசெல்வி பக்கத்துத் தோணிரேவு ஊர்க்காரி. அஸ்லம் பாயின் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் படங்களைச் சரிபண்ணுவது அவள் வேலை. வழுக்கை மாப்பிள்ளைக்கு முடி வைப்பாள், கண்மூடி நிற்கும் பெண்ணுக்குக் கண் திறப்பாள். அவள் கைக்குப் போன படம் தேறாமல் வந்ததில்லை. புருஷன் தேவதாஸ் மீன்பிடிக்கிறவன். பறவை பார்க்க வருகிறவர்களையும் படகில் கூட்டிப்போவான். படகில் கட்ட ஒரு பேனர் வேண்டுமென்று, தான் எடுத்த பூநாரைப் படம் ஒன்றை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான்.

அந்த வீட்டில் ஒரு துக்கம் பாதியில் நின்றுபோயிருந்தது. அவள் தம்பி சாம், மூன்று மாதத்துக்கு முன்னால் ஏரிக்குப் போனவன், திரும்பவில்லை. முகத்துவாரம் பக்கம் போனதைப் பார்த்தேன் என்று தேவதாஸ்தான் சொன்னான். ஊரே அங்கே மூன்று நாள் தேடியது. அம்மா ஆரோக்கியமேரிக்குக் கரையில் நின்று மகனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டையே போய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை. தம்பியைக் கல்லறையில் வைத்து ஒரு பிடி மண் போட வேண்டும். ஜெபசெல்விக்கு வேறு ஆசையே இல்லை.

மதியம் 12.50. அஸ்லம் பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஜும்மாவுக்குப் போனார். பள்ளிவாசல் ஸ்பீக்கரில் தொழுகைக்கு முந்தைய பயான் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

படம் மகா மோசம். ஒரே இருட்டு. கோணலாக வேறு இருந்தது. சாயவிட்டிருந்த ஏரியை நிமிர்த்தினாள். இறக்கைக்கு ரோஸ் ஏற்றினாள். வேறொரு படத்திலிருந்து விடியற்கால வானத்தை வெட்டி ஒட்டினாள். ஓரத்தில் ஒரு கழி இடைஞ்சலாக நின்றது. அதை அழிக்கலாமென்று வெளிச்சத்தைக் கூட்டியபோது கழியில் கட்டியிருந்த துணி தெரிந்தது. அவர்கள் ஊரில் வலை கட்டும் கழி யாருடையது என்று தெரிவதற்கு, அந்த வீட்டுப் பெண்ணின் பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டுவார்கள். இது அவளுடைய பச்சைப் புடவை. நம்ம கழியையா அழிக்கப் பார்த்தேன் என்று சிரித்துக்கொண்டாள்.

1.02. கழிக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு கறை. பிரஷால் துடைத்தாள். போய்விட்டது.

1.06. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினாள். கறை திரும்ப இருந்தது. இப்போது பறவைக்குக் கிட்டத்தில்... துடைத்தாள்.

1.09. மறுபடியும். மார்பளவுத் தண்ணீர். ஒரு கை மேலே தூக்கியிருந்தது.

பெரிதாக்கினாள். மஞ்சள் பனியன். நெஞ்சில் ஏழாம் நம்பர். வாய் திறந்திருந்தது...

சாம்.

ஸ்பீக்கர் சட்டென்று நின்றது.

க்ர்ர்ர்... க்ர்ர்ர்...

பிரிண்டர்.

அவள் பிரிண்ட் கொடுக்கவில்லை.

1.11. தாள் வெளியே வந்தது. ஓரமெல்லாம் ஈரம். ஏரிச் சேற்று வாடை.

அதில் பறவை இல்லை.

அவன் மட்டும்தான்.

முதலில் பயந்துதான் போனாள். ஆனால் திரையில் அந்தப் பச்சைத் துணியைத் திரும்பப் பார்த்தபோது பயம் போய்க் கோபம் வந்தது. அந்தக் கழி இருப்பது வடக்கே. முகத்துவாரம் தெற்கே. அப்படியென்றால் அன்றைக்கு தேவதாஸ் அங்கே இருந்திருக்கிறான். தம்பி கை தூக்கிக் கூப்பிட, பறவையைப் படம் பிடித்திருக்கிறான்.

போன் போட்டாள். 2.05க்கு தேவதாஸ் வந்தான். அவள் தாளை நீட்டினாள்.

"இது இன்னாய்யா?"

அவன் முகம் செத்துப்போனது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஜெபா... அவன் எப்பவும் மூழ்குறாப்புல நடிப்பான்டி. ஒனக்கே தெரியும்ல? அன்னிக்கி வலை போடுற எடத்துக்காக எனக்கும் அவனுக்கும் சண்டை. கோவத்துல வந்துட்டேன். திரும்பிப் போய்ப் பாத்தா... ஆளக் காணோம். பயந்துட்டேன்."

"அதுக்கு முகத்துவாரம்னு சொல்லுவியா? எங்கம்மா அங்க நின்னு கத்துச்சே, பாத்துனுதான இருந்த?"

"தப்புதான். ஆனா போட்டோ நான் எடுக்கலடி. அன்னிக்கி என் கையில போனே இல்ல."

"இன்னும் பொய் சொல்றியா?" என்றாள். அழுகை வரவில்லை. மூன்று மாதம் ஒரே பாயில் படுத்து, அவள் அழுதபோதெல்லாம் முதுகைத் தடவிக்கொடுத்த கை அது. கூட இருந்தே கழுத்தை அறுத்திருக்கிறான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில், ஊர் ஆட்கள் அந்தக் கழியைச் சுற்றிச் சேற்றைக் கிளறினார்கள். கழியின் அடியிலேயே இருந்தான். கால் இரண்டும் வலையில் சிக்கியிருந்தன. மஞ்சள் பனியனை வைத்துத்தான் அம்மா அடையாளம் சொன்னாள். போலீஸ் காரியமெல்லாம் முடிந்து, செவ்வாய்க்கிழமை அவனைக் கல்லறையில் வைத்தார்கள். ஜெபசெல்வி ஒரு பிடி மண் போட்டாள்.

தேவதாஸை ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். போனை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தான். அதையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். கொடுப்பதற்கு முன்னால் அவள் அந்தப் படத்தைத் தேடி எடுத்தாள். வாட்ஸ்அப்பில் வந்ததில் எடுத்த தேதி இருக்காது; அசல் படத்தில் இருக்கும். நீதிமன்றத்தில் அதைக் காட்ட வேண்டும் என்பது அவள் எண்ணம்.

அசலில் பறவையும் கழியும் மட்டும் இருந்தன. எவ்வளவு வெளிச்சம் ஏற்றியும் தண்ணீரில் ஆள் இல்லை.

கீழே தேதி இருந்தது. பிப்ரவரி 10, காலை 6.18.

சாம் செத்தது நவம்பர் 8.