பொறுத்துக்கிட்டேன் என்று நான் சொன்னது

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வோர் ஆண்டும் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதையும் 'சாரி' என்ற ஒரே சொல்லுக்கு ஒதுக்குவேன். காலை மிதித்துவிட்டால் சாரி. சொன்னது காதில் விழாவிட்டாலும் சாரி, குரலைக் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும். இழவு வீட்டில் சாரி. அங்கே நாம் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டோம். வேலை இல்லை என்று எழுதும் கடிதத்தில் சாரி. பார்க்கச் சகிக்காத கோலத்தில் நிற்பவனை வர்ணிக்கவும் அதே சொல். பிறகு அதன் பங்காளிகளைப் பலகையில் எழுதுவேன். எக்ஸ்கியூஸ் என்பதைக் காரியத்துக்கு முன்னால் சொல்லலாம், சாரியைப் பின்னால்தான் சொல்ல முடியும். பார்டன் என்பது நம்மைவிட உயரத்தில் இருப்பவரிடம் கேட்பது. அதையே எங்கள் ஊரில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் 'பர்தோன்' என்று சொல்லி மார்க்கெட்டில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். மணி அடித்துவிடும்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது என்று ஒருநாளும் நான் எழுதிப்போட்டதில்லை. ஆங்கில வகுப்பில் தமிழ் எதற்கு என்ற எண்ணம்.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருமுனையில் பாயின் கடை. இரண்டு சக்கர வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பார். பள்ளி விட்டு வந்ததும் அங்கே கழற்றிப்போட்ட ஏதாவது ஒரு சீட்டின்மேல் உட்கார்ந்து அவரோடு டீ குடிப்பது என் வழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. அவருடைய மகள் சிறு வயதில் என்னிடம் டியூஷன் படித்தாள். அப்போது இரண்டு முறை என் வீட்டிலேயே அவளுக்கு வலிப்பு வந்தது. மருந்து சாப்பிட்டாள். பத்து வயதுக்குப் பிறகு வரவே இல்லை.

அவளுக்கு இருபத்திரண்டு வயதானபோது கடலூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பார்க்க வருவதற்கு முன் தெருவில் விசாரிப்பார்கள் அல்லவா, அப்படி இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். டீக்கடையில் இருந்த என்னிடம் கேட்டார்கள்.

"வாத்தியார் சொன்னா சரியா இருக்கும்னு சொன்னாங்க. பொண்ணு எப்படிங்க?"

"நல்ல பொண்ணு. என்கிட்ட படிச்சதுதான். சின்னதுல வலிப்பு வரும். இப்ப ஒண்ணும் இல்ல."

கடைசி வாக்கியம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரு வாரத்தில், வேறு இடம் பேசிவிட்டோம் என்று சொல்லியனுப்பினார்கள். பேச்சு பரவிவிட்டது. அடுத்து வந்த வரன்களும் விசாரிப்போடு நின்றன. முப்பத்தொரு வயதில், கோட்டக்குப்பத்தில் மனைவியை இழந்த ஒருவருக்கு அவளை இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள்.

உள்ளதைத்தானே சொன்னேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நோயைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்த மாதம் என் மகளுக்கு வந்த மூன்றாவது வரனும் தட்டிப்போயிருந்தது. பாயின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

போன வருடம் பாய் ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். போகிறவர்கள் அதற்கு முன் வீடுவீடாகச் சென்று, தங்கள் குற்றங்களைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பார்கள். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் பொறுக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. பாய் என் வீட்டுக்கும் வந்தார்.

"வர்ற வாரம் கெளம்புறேன் சார். தெரிஞ்சோ தெரியாமலோ எதுனா பண்ணியிருந்தா பொறுத்துக்குங்க."

"நீங்க இன்னா பாய் பண்ணீங்க? என் வண்டி சீட்ட ஒருவாட்டி கோணலா தெச்சீங்க. அதான்."

சிரித்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"இல்ல சார், ஒண்ணு இருக்குது. பொண்ணுக்கு அந்தக் கடலூர் எடம் போச்சே, யாரோ சொல்லிட்டாங்கன்னு காதுக்கு வந்துச்சு. ஒரு நாலு நாளு உங்க மேல சந்தேகப்பட்டேன். அப்புறம், சாரப் போயி இப்படி நெனச்சிட்டமேன்னு ஆயிடுச்சு. அதப் பொறுத்துக்குங்க."

"பொறுத்துக்கிட்டேன் பாய்" என்றேன்.

அவர் ஊரில் இல்லாத நாற்பது நாளும் அந்தச் சொல் என்னை விடவில்லை. பொறு என்றால் காத்திரு. பொறு என்றால் பாரத்தைத் தாங்கு. மன்னித்துவிடு என்று கேட்பதற்கும் அதே சொல். சாரியை நான் சொன்னதோடு என் வேலை முடிந்துவிடும். இதற்கு எதிரே ஒருவர் வேண்டும், தூக்கிக்கொள்ள.

அவர் திரும்பி வந்து பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்தார். மறுநாள் கடையில் வைத்துச் சொல்லிவிட்டேன். ரெக்சினை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"போறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம் சார்" என்றார். கத்தரியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "நீங்க கேக்க வேண்டியது என்கிட்ட இல்ல. அவகிட்ட" என்றார்.

ஐந்து நாள் கழித்து ஷேர் ஆட்டோ பிடித்துக் கோட்டக்குப்பம் போனேன். டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும் சார். அந்தக் கடலூர் மாப்பிள்ளையோட அக்கா போன்ல சொல்லிடுச்சு."

"அத்தாகிட்ட சொல்லலியாம்மா?"

"சொல்லிட்டா அவரு யார்கூட டீ குடிப்பாரு? அவருக்குன்னு இருந்தது நீங்க ஒருத்தர்தான்." டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "இப்ப அஞ்சு நாளா நீங்க வர்ற நேரத்துக்குக் கடைய சாத்திட்டு வீட்டுக்கு வந்துடறாராம். அம்மா போன் பண்ணிச்சு. பதினெட்டு வருஷமா நான் மூடி வெச்சிருந்தேன். உங்க பாரம் எறங்கிடுச்சா?"

சாரி என்பது நாக்கு நுனி வரை வந்தது. வேண்டாம் என்று விட்டேன்.

"பொறுத்துக்கோம்மா."

"எதுக்கு சார்? அப்ப சொன்னதுக்கா, இப்ப சொன்னதுக்கா?"

"ரெண்டுக்கும்."

"மொத விஷயத்த எப்பவோ விட்டுட்டேன். எனக்குப் புள்ளைங்க இருக்குது, வீடு இருக்குது. ரெண்டாவதுக்கு அத்தா உங்களுக்கு டீ சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்."

தினமும் ஐந்து மணிக்குக் கடைப் பக்கம் போகிறேன். ஷட்டர் இறங்கியிருக்கும். போன வாரம் ஒருநாள் திறந்திருந்தது. பாய் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், மறுபடி மெஷினை மிதித்தார். நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் ரெக்சின் சுருள்கள் கிடந்தன. அவற்றை அவர் எடுக்கவில்லை. நானும் எடுத்துவைத்துவிட்டு உட்காரவில்லை. மெஷின் சத்தம் ஓயட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். ஓயவில்லை. வீட்டுக்கு நடந்தேன். நாளைக்கும் போவேன்.