பூட்டிய அறையில் மீந்த மருந்து

போன தீபாவளி சீசன் முழுக்க யாரோ என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள் என்று நம்பினேன். பிள்ளைகளே, அந்த எண்ணத்தோடுதான் ஜெபமும் பண்ணினேன். கர்த்தர் பதில் தந்தார். நான் எதிர்பார்த்த பதில் அது இல்லை.

எனக்கு வயது அறுபது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். வெடிக்குள் அடைப்பதை நாங்கள் மருந்து என்றே சொல்வோம். கலக்கிய மருந்து மீந்தால் அன்றைக்கே எடுத்து அழித்துவிட வேண்டும். தங்கவிட்டால் ஈரம் ஏறி, தானாகச் சூடாகி வெடிக்கலாம். காலையில் உள்ளே போகிறவர்கள் உயிரோடு வரமாட்டார்கள். மருந்து கலக்கும் அறையைச் சாயங்காலம் கடைசியாகப் பார்த்துப் பூட்டுவது என் பொறுப்பு. சாவி என்னிடம் மட்டும்தான்.

ஆவணியில் ஒரு காலை கதவைத் திறந்தேன். தட்டில் ஒரு கை மருந்து கிடந்தது. உடனே எடுத்து அழித்தேன். நான் சுத்தமாகப் பார்த்துத்தானே பூட்டினேன்? பத்து நாள் கழித்து மறுபடியும் அதே மாதிரி.

சந்தேகம் மாரியப்பன் மேல் விழுந்தது. என் கீழே மருந்து கலக்குகிறவர். எனக்குப் பிறகு போர்மேன் வேலை அவருக்குத்தான். மருந்து மீந்த இரண்டு முறையும் முந்தின நாள் அவர் லீவு. தன் மேல் பழி வராமல் இருக்கத்தான் லீவு போடுகிறார், கள்ளச்சாவி கொடுத்து ஆள் அனுப்புகிறார் என்று முடிவு கட்டினேன். அவர் சிரித்தால் சந்தேகம். சும்மா இருந்தால் அதைவிடச் சந்தேகம்.

வீட்டில் சொன்னால் என் மனைவி, "நேத்தும் இதத்தான் சொன்னீக. முந்தாநாளும் சொன்னீக" என்றாள். இவளும் அவர் பக்கமோ என்று நினைத்தேன். அவ்வளவு கெட்டுப்போயிருந்தது என் மனசு.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து, "ஆண்டவரே, ஆள் யாரென்று காட்டும்" என்று அழுதேன்.

அடுத்த முறை மாரியப்பன் லீவு போட்டார். அன்று பூட்டின பிறகு, பூட்டின் மேல் நூல் சுற்றி, யாருக்கும் தெரியாத ஒரு முடிச்சுப் போட்டேன். காலையில் போனேன். முடிச்சு அப்படியே இருந்தது. திறந்தேன். தட்டில் மருந்து இருந்தது. ஜன்னலைப் பார்த்தேன். உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. அப்போதும் கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பிறகுதான் உறைத்தது. அந்த ஆள் நான்தான்.

மறுநாள் மாரியப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் அண்ணாச்சி. நாலு மாசமா நீங்க மறந்து வைக்கிறத, நீங்க பூட்டுறதுக்கு முன்னாடி நான் எடுத்துருவேன். நான் வராத அன்னைக்குத்தான் தங்கிருக்கு."

"ஏன்யா சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீகளா? என் வேலையப் புடுங்கப் பாக்கான்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பீக."

சதிகாரன் என்று நான் நினைத்தவரைத்தான் கர்த்தர் காவலுக்கு வைத்திருந்தார்.

அன்றே முதலாளியிடம் உண்மையைச் சொல்லி, சாவியை மாரியப்பனிடம் கொடுக்க வைத்தேன். சாத்தூரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். பிரஷர் ஏறியிருந்தது. மாத்திரை கொடுத்துவிட்டு, "தினமும் வேகமா நடங்க. ரத்த ஓட்டம் நல்லா இருந்தா மூளைக்கு நல்லது. போன ஞாபகமெல்லாம் திரும்பிரும்னு சொல்லல. மேல தேயாம இருக்க உதவும்" என்றார்கள். தலைக்கு வைத்தியம் கேட்டால் காலுக்கு வேலை கொடுக்கிறார்களே என்று அவர்கள் மேலும் சந்தேகம். ஆனால் போர்மேன் ஆன பன்னிரண்டு வருசமாக நான் வேனிலும் நாற்காலியிலும்தான் இருந்தேன். அது பொய் இல்லை.

அதிலிருந்து தினமும் கம்பெனிக்கு இரண்டு மைல் முன்னாலேயே வேனை விட்டு இறங்கி நடந்தேன். மாரியப்பனும் கூட இறங்கினார். "என்ன அண்ணாச்சி, பொண்ணு பாக்கப் போற மாதிரி நடக்கீக? எட்டி வைங்க" என்று விரட்டினார். முதல் வாரம் கால் வீங்கியது. மூன்றாம் மாதம் மூச்சு வாங்கவில்லை. பிரஷர் இறங்கியது. நன்றாகத் தூங்கினேன். ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்பது குறைந்தது என்று என் மனைவியே சொன்னாள். மறதி முழுதும் போகவில்லை. கலவை அறைக்குள் நான் இப்போது போவதில்லை. பெட்டி எண்ணும் பக்கம் வேலை. ஒரு உயிரும் போகவில்லை. அதற்கே ஆயுசு முழுக்க ஸ்தோத்திரம் சொன்னாலும் போதாது.

பிள்ளைகளே, குற்றவாளியைக் காட்டும் என்று தைரியமாக ஜெபியுங்கள். உங்களைக் காட்டினாலும் பயப்படாதீர்கள். காட்டுகிறவர் கைவிடமாட்டார். உங்கள் அப்பாவோ தாத்தாவோ கேட்டதையே திரும்பக் கேட்டால் சிரிக்காதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பிறகு செருப்பை எடுத்துக் கொடுத்து, அவர்களோடு நடங்கள்.